கிட்டே வந்தால் கத்தும் வாத்தியம்

மாடியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

லோகேஸ்வரி அப்படித்தான் நினைத்தாள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. சேலைக்கடைக்காரர்கள் வாசலில் தொங்கவிட்டிருந்த துணிகளை அவசர அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். கேமராப் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு கடையின் மாடிப்படி ஓரம் ஒதுங்கியவளுக்கு, அந்தச் சத்தம் மேலிருந்து படியிறங்கி வந்தது. பெண் குரல் போல... இல்லை, வயலின் போல... இல்லை, இரண்டும் இல்லை. வார்த்தையில்லாத ஒரு நீண்ட இழுப்பு. அது முடிந்த இடத்தில் அதே சத்தம் சற்றுத் தொலைவில் மறுபடி கேட்டது. பிறகு இன்னும் தொலைவில்...

வேறு யாராவது இருந்தால் பயந்திருப்பார்கள். அவள் படியேறினாள்.

மேலே நீளமான ஓர் அறை. டியூஷன் நடக்கும் இடம் போல. வெள்ளைப் பலகை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜன்னலோரம் ஒருவன் நின்றான். அவன் முன்னால் ஒரு மரப்பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு கம்பி செங்குத்தாக நின்றது. இன்னொன்று பக்கவாட்டில் வளையமாக வளைந்திருந்தது. அவன் எதையும் தொடவில்லை. வலது கை காற்றில் மிதந்து கம்பியை நெருங்கியது... சத்தம் உயர்ந்தது. கை விலகியது... தாழ்ந்தது. இடது கை வளையத்தின்மேல் மெல்ல இறங்கியபோது சத்தம் மூச்சடக்கியது. தரையில் வரிசையாகக் கிடந்த சின்னச் சின்னப் பெட்டிகள் அதை வாங்கி எதிரொலியாக்கி அறையெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தன.

அவள் கைகளைப் பார்க்கவில்லை. கண்களைப் பார்த்தாள்.

கல்யாண வீடுகளில் எல்லார் கண்ணும் கேமராவைத் தேடும். மாப்பிள்ளை தேடுவார், மாப்பிள்ளையின் மாமா தேடுவார், பந்தியில் சாப்பிடுகிறவர்கூட வாயைத் துடைத்துக்கொண்டு தேடுவார். இந்தக் கண்கள் எதையும் தேடவில்லை. அவனுக்கும் மழை வழியும் ஜன்னலுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் நின்றிருந்தன. எடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. கேமராவை எடுத்தாள். ஓர் எட்டு வைத்தாள். இன்னும் கொஞ்சம்...

அவள் பொத்தானை அழுத்திய அதே நொடி, வால் மிதிபட்ட பூனை மாதிரி பெட்டி வீறிட்டது.

"யாரு அது? பின்னால போங்க!"

"நான் எதையும் தொடலையே!"

"தொட வேணாம். கிட்ட வந்தாலே கத்தும்."

"கத்துறது அதுவா, நீங்களா?"

அவன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். மெலிந்த முகம். மூக்குக் கண்ணாடி. கோபப்படக் கூச்சப்படுகிற ஒரு கோபம்.

"ரெக்கார்டிங் ஓடிக்கிட்டிருந்துச்சு. இவ்ளோ நேரம் வாசிச்சது எல்லாம் போச்சு."

"கதவுல எழுதிப் போட வேண்டியதுதானே?"

"எழுதித்தான் போட்டிருக்கேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். சிவப்பு மையில், தமிழிலும் மலாயிலும், கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது. யாரும் உள்ளே வரக்கூடாது.

"அலாமா... கண்ணுல மழைத்தண்ணி. தெரியல. சாரி லா."

"போட்டோ எடுக்குறவங்களுக்கே கண்ணு தெரியலையா?"

கையை நீட்டிக் கேமராவை வாங்கினான். தன் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கத்தான். அது கலங்கிப் போயிருந்தது. விரல் அடுத்த படத்துக்குப் போனது, அதற்கடுத்ததுக்கும் போனது. புகைமூட்டத்தில் பாதி கரைந்த கிள்ளான் ஆற்றுப் பாலம். விடியற்காலைப் பனியில் ஆளில்லாத ரயில் மேடை. மழையில் விளக்கு மட்டும் மிதக்கும் துறைமுகச் சாலை...

"கேக்காமலே என் கேமராவை நோண்டுறீங்க."

"கேக்காமலே நீங்க என் சுருதிக்குள்ள நுழைஞ்சீங்க." கண்ணை எடுக்காமலே சொன்னான். "ஒரு படத்துலயும் ஆளே இல்லையே?"

"ஆளுங்களை வாரா வாரம் சம்பளத்துக்கு எடுக்கிறேன். இது எனக்கு."

"இதுல இருக்காங்களே." கோமுட்டர் ரயிலின் ஜன்னல் வழியாக எடுத்த படம் ஒன்றைக் காட்டினான். கண்ணாடிக்கு அப்பால் மங்கலாக ஒரு வயல்வெளி. "இந்த மூலையில படிஞ்சிருக்கிறது மழை இல்ல. யாரோ கண்ணாடிக்கு ரொம்பப் பக்கத்துல மூச்சு விட்டிருக்காங்க."

அவள் கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். முகம் சூடாவது தெரிந்தது. படியிறங்கும்போது மழை இன்னும் விட்டிருக்கவில்லை. பரவாயில்லை, நனைந்துகொண்டே போனாள்.

அவன் பெயர் அருணன். பகலில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. அந்த வாத்தியத்துக்குத் தெரமின் என்று பெயர். இதெல்லாம் அவன் அனுப்பிய செய்திகளில் வந்தவை. கேமராப் பையில் ஒட்டியிருந்த ஸ்டூடியோ சீட்டில் எண்ணைப் பார்த்து வைத்திருக்கிறான். கிள்ளானில் ஒரு சங்கத்தின் மாடி மண்டபத்தில் ஞாயிறு மதியம் வாசிக்கப் போகிறானாம். 'என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உக்காந்தா எல்லாரும் தூங்கிடுவாங்க. உங்க படங்களைத் திரையில போடலாமா?'

'யாருக்கும் காட்டினதில்ல. மாட்டேன்.'

'அந்தப் பாலத்தை மட்டும் அனுப்புங்க. திரையில போட மாட்டேன். நான் மட்டும் பார்க்கிறேன்.'

ஏன் அனுப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு நாள் கழித்து ஓர் ஒலித்துண்டு வந்தது. காலைக் கோமுட்டரில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். முதலில் ஒன்றுமே இல்லை போலிருந்தது. பிறகு அந்த ஒன்றுமில்லாததற்குள்ளிருந்து ஒரு தாழ்ந்த சுருதி, பாலத்தின் இரும்பு புகையிலிருந்து வெளிப்படுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக... முழுதாக வருவதற்குள் மறைந்தும் போனது. அவள் ஷா ஆலமில் இறங்க வேண்டியவள். இறங்கவில்லை. ஸ்டூடியோ முதலாளி பக்கிரிசாமி அண்ணன் போனில் கத்தினார். "கல்யாணப் பொண்ணு மேக்கப் போட்டு ரெடியாயிருச்சு, நீ எங்கம்மா இருக்கே?" அவள் அந்த நேரத்தில் அடுத்த ஸ்டேஷனான பத்து திகாவைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமைகளில் ஒத்திகை. முதல் நாளே அவன் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிவிட்டான்.

"இதைத் தாண்டி வரக்கூடாது."

"இமிகிரேஷனா? பாஸ்போர்ட் கொண்டாரவா?"

"விளையாடாதீங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. அசையாம இருங்க, டியூன் பண்ணணும்."

"நீங்கதானே வாசிக்கிறீங்க. நான் ஏன் அசையாம இருக்கணும்?"

"பக்கத்துல இருக்கிற உடம்பு எல்லாம் இதுக்குத் தெரியும். உங்களையும் சேர்த்துத்தான் சுருதி வைக்கணும்."

அவன் ஏதோ மின்சார விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னான். அது மின்சார விஷயம்தான். ஆனால் அவள் அதை மனதில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். கல்யாண மண்டபங்களில் அவளை யாருக்கும் தெரியாது. "போட்டோ, கொஞ்சம் நகருங்க" என்பார்கள். "போட்டோவுக்குச் சாப்பாடு போட்டாச்சா?" என்பார்கள். கல்யாணப் பெண் ஆயுசுக்கும் வைத்திருக்கப்போகும் படத்தை எடுத்தவளுக்குப் பெயர் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. இங்கே ஒரு மரப்பெட்டி, அவள் மூச்சைக் கொஞ்சம் ஆழமாக இழுத்தாலே முனகியது.

பேச்சு பெரும்பாலும் சண்டைதான்.

"இந்தப் படத்தை ஏன் இவ்ளோ சீக்கிரம் மாத்துறீங்க?"

"உங்க எதிரொலிப் பெட்டி சொன்னதையே சொல்லிக்கிட்டிருந்தா, படமும் சும்மா நிக்கணுமா?"

"அது சொன்னதையே சொல்லல. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மறந்துட்டுச் சொல்லுது."

"எங்க அப்பா கதை சொல்ற மாதிரியா?"

அவன் சிரித்துவிட்டான். கை நடுங்கி, பெட்டியும் சேர்ந்து சிரித்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் ஈரமாக வளைந்து போய்க்கொண்டிருந்தது...

படங்களைத் திரையில் போட அவள் எப்போது சம்மதித்தாள் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது.

அந்த நல்ல நாட்கள் ஒரு மதியத்தோடு நின்றன. ஒரு கேபிளை எடுக்க அவன் வீட்டுக்குப் போனார்கள். ஒத்திகை அறையிலிருந்து நடக்கும் தூரம்தான், நான்காவது மாடி. அப்பா வீரசிங்கம் பொதுப்பணித் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்; செய்தித்தாளை இறக்கித் தலையசைத்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். அம்மா ஜெயமாலா அன்பாகத்தான் வரவேற்றார். "வாங்கோ பிள்ளை, இருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்." அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்தவர்கள். பேச்சில் இன்னும் அந்த ராகம் இருந்தது. வெளியில் 'தெரியல' என்கிற அருணன், வாசலைத் தாண்டியதும் 'தெரியேல்லை' என்றான். அது லோகேஸ்வரிக்குப் பிடித்திருந்தது.

சோபாவில் பக்கத்து வீட்டு மார்க்கிரட் ஆன்டி உட்கார்ந்திருந்தார். "இது ஆர், ஜெயமாலா?"

"போட்டோ எடுக்கிற பிள்ளை. அருணன்ட நிகழ்ச்சிக்குச் சம்பளத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான்."

"எந்த இடம் பிள்ளை?"

"கிள்ளான், ஆன்டி."

"அப்பா என்ன செய்யிறார்?"

"லோரி ஓட்டுறாரு. போர்ட்டுல."

"ஓ..." மார்க்கிரட் ஆன்டி பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "பரவாயில்லை."

யாரும் அவமானப்படுத்தவில்லை. தேநீரில் சர்க்கரை சரியாக இருந்தது. அவள் அருணனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... 'சம்பளம் இல்லம்மா' என்றாவது. அவன் கோப்பையைப் பிடித்தபடி, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே கண்கள்தான். இன்று அவற்றைப் படமெடுக்கத் தோன்றவில்லை.

லிப்டில் கேட்டாள். "நீங்க எனக்குச் சம்பளம் தர்றீங்களா?"

"இல்ல... அம்மா சும்மா ஏதோ..."

"அப்ப நான் யாரு?"

லிப்ட் ஒவ்வொரு மாடியாக இறங்கியது. அவன் மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரவாயில்லை," என்றாள் அவள். கதவு திறந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. 'ஒத்திகைக்கு வரலையா?' என்று கேட்டு வந்தது. 'கல்யாண சீசன்' என்று அனுப்பினாள். 'சரி' என்று பதில் வந்தது. ஒரே ஒரு 'சரி'. அதை அவள் தேவைக்கு அதிகமான தடவை திறந்து பார்த்தாள்.

"என்னம்மா, மூஞ்சி கரண்டு போன மாதிரி இருக்கு?" என்றார் பக்கிரிசாமி.

"ஒண்ணுமில்லண்ணே."

"ஞாயித்துக்கிழமை போறியா இல்லையா? என் புரொஜெக்டரையும் திரையையும் வாடகை இல்லாம கொடுத்திருக்கேன். பத்திரமா வரணும்."

"போவேன். படம் என்னோடது. அதுக்காகத்தான் போறேன், வேற யாருக்காகவும் இல்ல. சாமானை ஏத்திக்கிட்டு வர அப்பாகிட்டச் சொல்லியாச்சு."

"வேற யாருக்காகவும்னு நான் கேக்கவே இல்லையே," என்று அவர் லென்ஸைத் துடைக்கத் தொடங்கினார்.

மண்டபம் மாலைக்கடைகளுக்கு மேலே இருந்தது. மல்லிகை வாசனை படியேறி வந்து உட்கார்ந்திருந்தது. வெளியே மதிய மழை. அவள் வந்தாள், 'வணக்கம்' என்றாள், ஸ்டூலில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். மஞ்சள் டேப் இங்கேயும் இருந்தது. அவன் டியூன் பண்ணும்போது அவள் அசையாமல் இருந்தாள்.  முதல் வரிசையில் ஜெயமாலா, வீரசிங்கம், மார்க்கிரட் ஆன்டி.

விளக்கு அணைந்தது. பாலம் திரையில் எழுந்தது. சத்தம் அதன் அடியிலிருந்து மெல்ல வந்தது.

தன் படங்களை இத்தனை பெரிதாக அவள் பார்த்ததில்லை. புகை நகர்வது போலிருந்தது. ரயில் மேடையில் யாரோ இப்போதுதான் எழுந்து போனது போலிருந்தது. பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பெண்மணி பக்கத்திலிருப்பவரிடம், "இது நம்ம பாலம்தானே? இவ்ளோ அழகாவா இருக்கு?" என்று கேட்டது அவள் காதில் விழுந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. நல்லவேளை, பெட்டிக்கு அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

ஜன்னல் படம் வந்தது. சத்தம் தேய்ந்து தேய்ந்து நூலளவு ஆனது. அருணன் கண்ணை மூடியிருந்தான். அப்போதுதான் அது நடந்தது.

சங்கத்தின் பொருளாளர் வேலாயுதம் நல்ல மனிதர். எந்த நிகழ்ச்சியானாலும் கலைஞருக்குப் பொன்னாடை போர்த்தாமல் அனுப்பமாட்டார். அவர் இதுவரை பார்த்த கச்சேரிகளில் எல்லாம் சத்தம் நின்றால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். ஆகவே சரிகைப் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, மேடையேறி நேராகத் தெரமினின் கம்பியை நோக்கி நடந்தார்.

பெட்டி அலறியது. வேலாயுதம் துள்ளினார். துள்ளியதற்கும் சேர்த்து அது இன்னும் ஓங்கி அலறியது. எதிரொலிப் பெட்டிகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டன. மண்டபத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு வேலாயுதம் வால் மிதிபட்டு அலறிக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, ஷாக் அடிக்குதா தம்பி?"

"இல்லண்ணே... பின்னால போங்க... இல்ல, சரி, போத்துங்க, போத்திட்டுப் போங்க!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வேலாயுதம் கடமையை முடித்துவிட்டே இறங்கினார். சரிகை மின்ன நின்ற அருணன் மைக்கை எடுத்தான். 

"இந்தப் பொன்னாடை எனக்கு மட்டும் உரியது இல்லைங்க. நீங்க பார்த்த படம் எல்லாம் இவங்க எடுத்தது. லோகேஸ்வரி. மேடைக்கு வாங்க, ப்ளீஸ்..."

கைதட்டல். எல்லாத் தலைகளும் ஸ்டூல் பக்கம் திரும்பின. இதற்குத்தானே அவள் காத்திருந்தாள்? அப்படித்தான் அவளும் நினைத்திருந்தாள். ஆனால் கால் எழவில்லை. ஏதோ ஒன்று குறைந்தது.

அவள் அடுத்த படத்தைத் தட்டினாள். மழையில் மிதக்கும் துறைமுகச் சாலை. வேறு வழியில்லாமல் அவன் மைக்கை வைத்துவிட்டு வாசித்தான். அன்று அவன் வாசித்ததிலேயே நன்றாக வந்தது அதுதான் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

முடிந்ததும் பின்பக்க மேசையில் தேநீரும் வடையும். அவள் புரொஜெக்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவன் மடித்த பொன்னாடையோடு வந்து நின்றான்.

"ஏன் வரல? எல்லார் முன்னாலயும் பேரைச் சொன்னேனே."

"எல்லார் முன்னாலயும் சொல்றது சுலபம். மைக் இருக்கு, இருட்டா இருக்கு, யார் முகமும் தெரியாது." வயரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "பொன்னாடை வேணாம். அன்னைக்கு எங்க சொல்லலையோ, அங்க போய்ச் சொல்லுங்க."

அவன் முன்வரிசையைப் பார்த்தான். "இப்பவா?"

"இப்ப முடியாதுன்னா விடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா இனிமே சனிக்கிழமை வர மாட்டேன்."

 அவன் முன்வரிசைக்கு நடந்தான். நடக்கும்போது பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீரசிங்கத்தின் மடியில் வைத்தான். அவர் அதை வாங்கிச் செய்தித்தாள் போலப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா. அண்டைக்கு மார்க்கிரட் ஆன்டியிட்ட நீங்கள் சொன்னது பிழை. லோகேஸ்வரி சம்பளத்துக்கு வந்த ஆள் இல்லை."

ஜெயமாலா நிமிர்ந்தார். "பின்னே?"

"படம் எல்லாம் அவவின்ட. அவ இல்லாட்டி இந்த நிகழ்ச்சியே இல்லை."

"அதைத்தான் மைக்கில சொன்னியே."

"இன்னும் இருக்கு." அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான், மாட்டினான். இந்தத் தடவை கண்கள் வேறெங்கும் போகவில்லை; அம்மாவின் முகத்திலேயே நின்றன. "எனக்கு அவவைப் பிடிச்சிருக்கு. அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். எனக்குப் பயமாயிருந்தது."

மார்க்கிரட் ஆன்டி வடையை மெல்வதை நிறுத்தினார்.

ஜெயமாலா எழுந்து நின்று, மகனைத் தாண்டி, வயரும் கையுமாக நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா, வருத்தமா, தெரியவில்லை. "அந்தப் பிள்ளைக்கு உன்னைப் பிடிக்குமோ? கேட்டனியே?"

"...கேக்கேல்லை."

"அங்க கேக்காமல் என்னட்ட வந்து நிக்கிறாய். முதல்ல அங்க போ. நான் ஓம் எண்டு இன்னும் சொல்லேல்லை, ஓ... சும்மா ஆடாதை." பிறகு, குரலைச் சற்று இறக்கி, அவளைப் பார்த்தே சொன்னார். "லோகேஸ்வரி, அந்த ஜன்னல் படம் வடிவாயிருந்தது."

அவன் திரும்பி வந்தான். சிவந்த முகத்தோடு, பரீட்சை எழுதிவிட்டு வந்தவன் போல.

"கேட்டுட்டீங்கல்ல... நீங்க என்ன சொல்றீங்க?"

பதில் தயாராகத்தான் இருந்தது. கீழே ஹாரன் அடித்தது.

"அப்பா," என்றாள். "இந்தத் திரையை அந்தப் பக்கம் பிடிங்க."

சுருட்டிய திரையின் இரு முனைகளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி படியிறங்கினார்கள். மாலைக்கடை ஓரத்தில் அப்பாவின் லோரி நின்றது. வைப்பர் மழையைத் தள்ளிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியை இறக்கி, மகளைப் பார்த்தார், திரையின் மறுமுனையைப் பார்த்தார்.

"யாரும்மா இது?"

'பாட்டு வாசிக்கிறவருப்பா' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எவ்வளவு எளிதாக வந்தது! பொய்யும் இல்லை. யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம்...  மேலே நின்று அவனை அனுப்பியபோது இவ்வளவு கனமாக இருக்கும் என்று தெரியவில்லை. மறுமுனையில் அவன் நனைந்துகொண்டு நின்றான். உதவிக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது சரிதான்.

"அருணன்பா." குரல் உடைந்தது, மறுபடி ஆரம்பித்தாள். "பேரு அருணன். எனக்கு... இவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்பா."

சொன்னது அப்பாவிடம். ஆனால் திரையின் மறுமுனை கொஞ்சம் தாழ்ந்தது. அவன் கை வழுக்கியிருக்க வேண்டும்.

அப்பா ஸ்டியரிங்மேல் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். வைப்பர் போனது, வந்தது. கடைசியில் எட்டி, மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"திரையைப் பின்னால போட்டுட்டு ரெண்டு பேரும் ஏறுங்க லா. மழையில நின்னுக்கிட்டா இதெல்லாம் பேசுறது?"